வெள்ளைச் செவந்தியின் தாகம்

"ரத்தமா மக்கா இது?"

"ரத்தமொண்ணும் இல்ல அண்ணா. பதிமுகமாக்கும்."

ஆன்டோ வாளிக்குள் எட்டிப் பார்த்தான். விருந்தாளிகள் குடிக்கவென்று பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த சிவந்த தண்ணீர். அதில் நின்ற வெள்ளைச் செவந்திகளின் இதழோரங்கள் யாரோ கிண்டல் செய்ததுபோல் வெட்கப்பட்டிருந்தன.

பனச்சமூட்டில் அவன் பூக்கடை திறந்தபின் கிடைத்த முதல் மாதாகோயில் கல்யாணம். பதினோரு மணிக்கு மணப்பெண் பவுலாவின் கையில் தூய வெள்ளைச் செண்டு இருக்க வேண்டும். "ஒரு புள்ளி விழுந்தாலும் இந்தப் பங்கில நீ இனி பூ கட்டமாட்டே" என்று அவள் அம்மா திரேசம்மா சொல்லியிருந்தாள்.

நேற்று கடைக் குழாயில் காற்றுதான் வந்தது. கல்யாண வீட்டிலிருந்து வாளித் தண்ணீர் கொண்டுவந்து பூக்களை அதில் நிறுத்திவைத்தவள் பவுலாவின் தங்கை சிஜி. கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள்.

"அவசரத்துல அண்டா மாறிப்போச்சு" என்றாள்.

"தண்ணிய மாத்தட்டா?"

"ஐயோ, திடீர்னு மாத்தினா வாடிப்போவும். ஃபேன் போடுங்க. ஈரத்தோட நிறமும் பறந்திரும்."

போட்டான். இலைகள் குதூகலமாக ஆடின. ஒரு மணி நேரத்தில் ஓரத்துச் சிவப்பு பாதி இதழுக்கு வந்துவிட்டது.

"கூடுதலாச்சே பிள்ளே!"

"அப்போ வெயில்ல வைங்க. துணி வெளுக்கல்லியா?"

வாளியைக் கடைவாசலுக்குத் தூக்கினான். காட்டாக்கடை பஸ்ஸின் ஜன்னல்களெல்லாம் தலைகளாக முளைத்துப் பார்த்தன. ஒன்பதரைக்குச் செவந்திகள் பழுத்த சாம்பக்காய் போல ரோஸ் நிறத்தில் நின்றன.

ஆத்திரத்தில் ஆன்டோ இலைகளைப் பிய்க்கத் தொடங்கினான்.

"இலையில கை வைக்காதிங்க!" சிஜி அலறினாள்.

"ஏன்?"

"இலைதானே தண்ணிய ஆவியா காத்துல விடுது? அது விட விடத்தானே தண்டு கீழேருந்து உறிஞ்சும்? காத்தும் வெயிலும் பட்டா இன்னும் வேகமா…" சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆன்டோ ஃபேனைப் பார்த்தான். வெயிலைப் பார்த்தான். வாளியைப் பார்த்தான். கடைசியாக அவளைப் பார்த்தான்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் திரேசம்மாவின் கறுப்புக் குடை விரைந்து வந்துகொண்டிருந்தது.

சிஜி அவன் காதருகே குனிந்தாள்.

"அக்காக்கு இந்த ரோஸ் கலர் செண்டுதான் ஆசை, அம்மை சம்மதிக்கல்ல. அண்ணா, ‘தப்பு எனக்கதாக்கும்’னு அம்மையிட்ட நீங்க ஏத்துக்கிடுவியளா?"