மாத்தளைக்குப் புறப்பட்ட ஃபைல்

ஓடும் ரயிலின் ஜன்னலுக்குள் லேஞ்சியை, அதாவது கைக்குட்டையை, எறிந்து சீட் பிடிப்பதில் கண்டியிலேயே என்னை மிஞ்ச ஆளில்லை என்று நம்பியிருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை, கண்டி ஸ்டேஷனில் அந்த நம்பிக்கை செத்தது.

அன்று பகல் ஒரு மணிக்கு நாவலப்பிட்டியில் என் மனைவி செல்விக்கு ஆசிரியர் வேலைக்கான நேர்முகப் பரீட்சை. வயதெல்லை முடிய இரண்டே மாதம். இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. அசல் சான்றிதழ்கள் எல்லாம் ஒரு நீல ஃபைலில். ஃபைல் என் கையில். (யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள். நான்தான் பிடுங்கினேன்.)

ரயில் வந்தது. கூட்டம் பாய்ந்தது.

"ஏங்க, நம்ம ரயில்தானான்னு கேளுங்க."

"கண்டியில பொறந்தவன்கிட்டயா சொல்ற?"

சட்டைப்பையைத் தடவினேன். லேஞ்சி இல்லை. யோசிக்காமல் ஃபைலை எறிந்தேன். காலி சீட்டில் கச்சிதமாக விழுந்தது. குறி தப்பவில்லை, ரயில்தான் தப்பு. வாசல் நெரிசலில் முட்டிக்கொண்டிருந்தபோதுதான் செல்வி யாரிடமோ கேட்டாள். மாத்தளை ரயிலாம், எங்களுக்கு நேர் எதிர்த்திசை! அதற்குள் அது நகர்ந்துவிட்டது. ஜன்னலோடு ஓடினேன்.

"ஐயா, அந்த ஃபைல்! ஃபைல்!"

சீட்டருகே நின்ற பெரியவர் ஃபைலைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். "பயப்படாதீங்க தம்பி, ஒருத்தனையும் உக்கார விடமாட்டேன்!"

செல்வி வெளியே ஓடி ஒரு ஆட்டோவை மறித்தாள்.

அந்த ரயில் வழியில் நிற்கும் கட்டுகஸ்தோட்டை ஸ்டேஷனுக்குப் பறந்தோம். (பறந்தது மனசு மட்டும். ஆட்டோ ஒரு லொறிக்குப் பின்னால் ஊர்ந்தது.)

"ரயிலப் புடிக்க ரயில்லயே போயிருக்கலாமே அண்ணே," என்றான் டிரைவர்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள். எங்கள் கண்ணெதிரே ஃபைல் கடந்து போனது. இறங்கி ஓடினோம். ஏறும் கூட்டத்தால் ரயில் இன்னும் நின்றுகொண்டிருந்தது. முண்டியடித்து உள்ளே நுழைந்தேன்.

பெட்டி முழுக்க ஆட்கள் ஒற்றைக்காலில். சீட்டில் ஃபைல் மட்டும், மகாராணி மாதிரி. பக்கத்தில் வியர்த்து வழிந்தபடி அந்தப் பெரியவர் காவல்.

"வந்துட்டீங்களா? உக்காருங்க!"

"இல்லங்க ஐயா, நாங்க இறங்குறோம்."

"அப்ப நான் எதுக்குய்யா நின்னேன்?"

ஃபைலோடு குதித்தேன். நாவலப்பிட்டிவரை பஸ்ஸில் நின்றே போனோம். பன்னிரண்டு ஐம்பதுக்குச் செல்வி உள்ளே போனாள்.

வேலை கிடைத்தது. இன்று அவள் டீச்சர். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்து உட்காரக் கதிரை பற்றாமல் போனால் மகள் சொல்வாள்: "அப்பாவுக்குத் தேட வேணாம். அவரு ஃபைல உக்கார வச்சுட்டு நின்னுக்குவாரு."