தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்ன புடவை விவரம்

தீயணைப்பு நிலையத்துக்கு நான் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் போன் செய்திருக்கிறேன். தீ எங்கே என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அன்று விவரமாகச் சொன்னேன்.

எழுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி எட்டு மாதம். பிள்ளையார்பாளையத்தில் வாடகை வீடு. முன்கூடத்தில் தறி, அதில் வெள்ளிக்கிழமை கடைக்குப் போகவேண்டிய முகூர்த்தப் புடவை. பின்கட்டில் ஓலை வேய்ந்த சமையலறை, அதை ஒட்டித் தகரம் அடித்த குளியலறை; அதற்கு வழி சமையலறைக்குள்தான். அன்று காலை, திருமுக்கூடலிலிருந்து வந்திருந்த மாமனார் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போயிருந்தார். (அவர் குளித்து முடிப்பதற்குள் கோயிலில் ஒரு அபிஷேகமே முடிந்துவிடும்.)

சமையலறைக் கூரை பற்றிக்கொண்டது. "ஏங்க, கூரை எரியுது! அப்பா உள்ள மாட்டிக்கினாரு! ஓடிப்போய் போன் பண்ணுங்க!" என்று என் மனைவி கமலா அலறினாள். தெருமுனை மருந்துக்கடைக்கு ஓடினேன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அதுவரை நான் போனில் பேசியது எனக்கு நெசவு கொடுத்த ஜவுளிக்கடைக்கு மட்டும்தான். எடுத்ததும், தப்பான இடத்துக்குப் போய்விடக் கூடாதென்று கடைப் பெயர், தெரு, புடவையின் நிறம், கரை, எத்தனை முழம் பாக்கி என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன்.

"எங்கப்பா தீ?" என்றது மறுமுனை.

பழக்க தோஷம், கடைப் பெயரையும் கடைத்தெருவையும் சொன்னேன்.

"என்ன எரியுது?"

"உடல் அரக்கு, கரை மாம்பழ மஞ்சள். நாலு முழந்தான் பாக்கிங்க!"

"யோவ், உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"முகூர்த்தப் புடவை இருக்குதுங்க!"

கடமை முடிந்த நிம்மதியோடு ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பி ஓடினேன். "ஏம்பா, உன் வூடு எங்கன்னு சொல்லவே இல்லியே!" என்று மருந்துக்கடைக்காரர் பின்னால் கத்தியது பாதித் தெரு தாண்டிய பிறகுதான் மண்டையில் ஏறியது. மாமனார் உள்ளே இருப்பதும் அப்போதுதான் உறைத்தது. அழுதுகொண்டேதான் வீட்டுக்கு ஓடினேன்.

அங்கே கமலா, பாவு நூலுக்குப் போட வடித்து வைத்திருந்த கஞ்சியைக் குடம் குடமாகக் கூரைமேல் வீசிக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தார் கழியால் ஓலையை இழுத்துத் தள்ளினார்கள். தகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சொம்பு விடாமல் வெந்நீரை இறைத்தது. தீ அடங்கியதும் மாமனார் வெளியே வந்தார். உடம்பெல்லாம் எண்ணெய், அதன்மேல் சீயக்காய், அதன்மேல் கஞ்சி. ஆனால் உயிரோடு வந்தார். சந்தோஷத்தில் அவரைக் கட்டிப்பிடிக்கப் போய் வழுக்கி விழுந்தேன்.

அதே நேரம் கடைத்தெருவில், மணியடித்து வந்து நின்ற தீயணைப்பு வண்டியின் குழாயைப் பிடித்துக்கொண்டு, "பட்டுபா! தண்ணி கிண்ணி விட்டுடாதீங்க!" என்று ஜவுளிக்கடை முதலாளி கெஞ்சிக்கொண்டிருந்தாராம். எரிவதாகச் சொன்ன புடவையின் நிறத்தையும் கரையையும் கேட்டதும்தான் அது யார் தறியில் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. அதே வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அதிகாரி கரியையும் கஞ்சியையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மொதல்ல இடம். அப்பறம் உள்ள எத்தினி ஆளுன்னு சொல்லு. கலரு நாங்களே வந்து பாத்துக்கறோம்."

அதன்பிறகு மாமனார் எங்கள் வீட்டில் குளிக்கப் போகும்போதெல்லாம், "மாப்ளே, உள்ள ஆளு இருக்குது!" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். அவர் காலமாகி வெகுநாளாகியும் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். போன வாரம் பேத்தியின் புது மாப்பிள்ளை விவரம் தெரியாமல், சத்தமில்லாமல் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கமலா போய்க் கதவைத் தட்டினாள்.

"உள்ள யாருபா? ஆளா, புடவையா?"