பழைய பெட்டிக்குப் புது சிஸ்டம்

"முதலாவதா, ரெண்டாவதா?" என்று கேட்டார் கண்ணாடிக் கடைக்காரர்.

கண்ணில் சோதனைச் சட்டத்தை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் மெக்கானிக். "ரெண்டாவதுதான் பளிச்சுனு இருக்கு" என்றார்.

"அட, லென்ஸைக் கேக்கலைங்க! கம்ப்யூட்டர்ல போடுற லினக்ஸ் சிஸ்டத்தைக் கேக்குறேன். புதினா பேர்ல ஒண்ணு இருக்கு, நாய்க்குட்டி பேர்ல ஒண்ணு இருக்கு. ரெண்டும் இலவசம். என்னை மாதிரி அரிச்சுவடி தெரியாதவனுக்கு எது சரிப்படும்?"

மெக்கானிக் சட்டத்தைக் கழற்றிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். கண் பரிசோதனைக்கு வந்து இருபது நிமிஷம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு எழுத்தைக்கூட யாரும் படிக்கச் சொல்லவில்லை.

"எதுக்கு இப்ப லினக்ஸ்?"

"வீட்டுக்கு ஒரு பெட்டி வந்திருக்குங்க! பின்னால தொப்பை வச்ச மானிட்டர், ஃபிளாப்பி போடுற வாய், ஆன் பண்ணினா மிக்ஸி மாதிரி சத்தம். பழைய கேமை எல்லாம் அதுல வச்சு ஆடினாத்தான் ஆட்டம்! ஆனா அதுல இருக்கிற சிஸ்டம் எழுந்து உக்காரவே அரை மணி நேரம் ஆகுது."

"லேசா வேணும்னா நாய்க்குட்டி. சுலபமா வேணும்னா புதினா."

"ஒண்ணு சொல்லுங்க!"

"நீங்க முதல்ல ஒரு எழுத்தைக் காட்டுங்க."

கண்ணாடிக் கடைக்காரரின் தொழிலே ஊராரை முடிவெடுக்க வைப்பதுதான். முதலாவதா, இரண்டாவதா என்று நாள் முழுக்கக் கேட்டு, ஒவ்வொருவரையும் ஒரு பதிலில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். தனக்கென்று வந்தால் மட்டும் ஒரு ஜோடி செருப்பு வாங்க மூன்று நாள் ஆகும் மனுஷனுக்கு.

பெட்டி முந்தின நாள், திங்கட்கிழமைதான் வந்திருந்தது. மாமியாரே வண்டி பிடித்துக் கொண்டுவந்து இறக்கினார்.

"மாமாவுக்குப் பையன் புது லேப்டாப் அனுப்பிட்டான், மாப்பிள்ளை. இது சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. நீங்கதான் கேம் கேம்னு சொல்லிட்டே இருப்பீங்களே, வச்சுக்குங்க" என்றார். கைக்குட்டையால் மானிட்டரை ஒரு தேய் தேய்த்தார். "பழசு எதுவும் ஒட்டியிருக்காம நல்லாத் துடைச்சுட்டு வைங்க."

எவ்வளவு பாந்தமான மாமியார் பாருங்கள்!

புதன்கிழமை காலையில் புதினா என்று முடிவாயிற்று. புது சிஸ்டத்தைப் பெட்டிக்குள் ஏற்ற ஒரு பென்டிரைவ் வேண்டும். கண்ணாடிக் கடைக்காரர் வீட்டிலிருந்த எல்லா டிராயரையும் கவிழ்த்தார். ஊக்கு கிடைத்தது, உடைந்த கண்ணாடிக் காம்பு கிடைத்தது, காணாமல் போன அலமாரிச் சாவிகூடக் கிடைத்தது. பென்டிரைவ் மட்டும் இல்லை. நல்லவேளை, திங்கட்கிழமை கொண்டுவர மறந்த கீபோர்டைக் கொடுக்க மாமியார் அன்றைக்கு வந்திருந்தார்.

"பென்டிரைவா? இந்தாங்க" என்று கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். நீல நிறம், ஓட்டையில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"காலிதானே அத்தை?"

"இனிமே உங்களோடது, மாப்பிள்ளை. என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க."

மாப்பிள்ளைக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கடைக் கம்ப்யூட்டரில் செருகிப் புதினாவை ஏற்றப் போனதும், பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று அது கேட்டது. சம்மதம். பிறகு அதைக் கொண்டுவந்து பெட்டியில் செருகினார். பழைய சிஸ்டத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளவா, இல்லை எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவவா என்று கேட்டது.

வாழ்க்கையில் முதல்தடவையாக யோசிக்காமல் பதில் சொன்னார். "ரெண்டாவது!"

செருப்புக்கு மூன்று நாள் யோசிக்கிற ஆள் இதற்கு மூன்று நிமிஷம் யோசித்திருக்கலாம். தலையெழுத்து!

அரை மணியில் திரை பச்சைப் பசேலென்று மலர்ந்தது. எல்லாம் படம் படமாக, தொட்டால் திறக்கிற மாதிரி இருந்தது. நாலைந்து பழைய கேம்களை இறக்கினார். அதில் ஒன்று குழாய் விளையாட்டு. தண்ணீர் வந்து சேருவதற்குள் துண்டு துண்டான குழாய்களைத் திருப்பி இணைக்க வேண்டும். முதல் கட்டத்தைத் தாண்டியதும் பெட்டி 'டிட்டிட்டீ' என்று பாடியது. கண்ணாடிக் கடைக்காரர் நாற்காலியை விட்டுக் குதித்தார்.

"ஏய், ஓடி வாயேன்! ஓடுதுடீ! ஓடுது!"

மனைவி ஈரக் கையோடு ஓடிவந்தாள். அவளும் ஒரு ஆட்டம் ஆடினாள். இரண்டாம் கட்டத்தில் தண்ணீர் வழிந்ததும் "ஐயையோ" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஆமா, அப்பா இந்தப் பெட்டியிலதானே புத்தகம் டைப் பண்ணிட்டிருந்தார்? அதை எங்க எடுத்து வச்சிருக்கீங்க?"

கண்ணாடிக் கடைக்காரர் சட்டென்று மவுஸை வாங்கி ஆட்டத்தை மூடினார்.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாமனார் குடிநீர் வாரியத்தில் முப்பத்தாறு வருஷம் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த முப்பத்தாறு வருஷத்தையும் சொட்டு விடாமல் எழுதிவந்தார். தலைப்பு 'குழாய்களும் நானும்'. எண்ணூற்று நாற்பது பக்கம். பதினோரு வருஷமாக ஒற்றை விரலால் தட்டியது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பத்து மணிக்கு மகள் வீட்டுக்கு வந்து, எல்லோரையும் உட்கார வைத்து, ஒரு அத்தியாயம் வாசிப்பார். வாசித்து முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது.

"புது லேப்டாப்புல மாத்தியிருப்பார்ல?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"அப்பாவா? லேப்டாப்பைத் திறக்கவே அவருக்கு அம்மா வேணும். இருங்க, போன் பண்ணிக் கேக்குறேன்."

"வேண்டவே வேண்டாம்! கேட்டா தெரிஞ்சு போயிடும். நானே திரும்ப எடுத்துடுவேன்."

அழிந்ததை மீட்கும் புரோகிராம் ஒன்றை இறக்கி, அந்தப் பெட்டியிலேயே போட்டு ஓடவிட்டார். நாலு மணி நேரம் அரைத்துவிட்டு அது மூவாயிரம் பொடிப் படங்களையும் ஒரே ஒரு வரியையும் கக்கியது: 'அப்போதுதான் நான் வால்வைத் திறந்தேன்.'

"பாத்தியா! வருது!" என்று துள்ளினார்.

"எண்ணூத்து நாப்பது பக்கத்துக்கு ஒரு வால்வுதான் வந்திருக்கு" என்றாள் மனைவி.

நாய்க்குட்டியில் இதைவிட நல்ல கருவி இருப்பதாக எங்கோ படித்தார். வியாழக்கிழமை புதினாவை அழித்துவிட்டு நாய்க்குட்டியைப் போட்டார். அந்த வரியும் போயிற்று. பழைய விளையாட்டுக்கென்றே செய்த இன்னொரு இலவச சிஸ்டம் நல்லது என்றார்கள், அதையும் போட்டார். அதில் கேம் பிரமாதமாக ஓடியது, மீட்பதற்குத்தான் ஒன்றுமில்லை. மறுபடி புதினாவுக்கே வந்தார்.

வெள்ளிக்கிழமை, புதுக் கண்ணாடியை வாங்கிப்போக வந்த மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினார்.

"இதுவரைக்கும் எத்தனை தடவை சிஸ்டம் போட்டீங்க?"

"நாலு."

மெக்கானிக் புதுக் கண்ணாடியை மாட்டி அவரைத் தெளிவாகப் பார்த்தார். "சுவத்துல எழுதின எழுத்தைத் தேடுறவர் ஒவ்வொரு தடவையும் வெள்ளையடிச்சுட்டுத் தேடுவாராங்க? இனிமே ஒண்ணும் கிடைக்காது. மாமனார்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க."

உண்மையைச் சொல்வதாவது! கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் மாமனார் அவரை ஒரு தடவைகூடப் பாராட்டியதில்லை. கண்ணாடி விற்கிற மாப்பிள்ளைக்குக் குழாயின் அருமை தெரியாது என்பது அவர் கட்சி. இப்போது போய் பதினோரு வருஷ உழைப்பைத் துடைத்துவிட்டேன் என்று சொன்னால், அந்த வயதான மனுஷன் தாங்குவாரா? நினைக்க நினைக்கக் கண்ணாடிக் கடைக்காரருக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

"ஏங்க, அழாதீங்க" என்றாள் மனைவி. "பதினோரு வருஷமா கேக்குறோம். நமக்கே மனப்பாடம்தானே? உக்காருங்க, டைப் பண்ணிடலாம்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்தார்கள். அவள் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். 'நான் பிறந்த அன்று எங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை.' ஆகா, அப்படியே மாமனார் குரல்! இருவருக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. சனிக்கிழமை மதியத்துக்குள் நாலு அத்தியாயம் வந்துவிட்டது. ஐந்தாவதில் கிழக்குத் தொட்டி உடைந்த இடத்தில் முட்டிக்கொண்டது.

"எட்டு இஞ்ச் பைப்" என்றார் அவர்.

"பன்னெண்டு இஞ்ச்சுங்க."

"தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன? எதையாவது போடு."

"அப்பா கண்டுபிடிச்சுடுவார். நைசா கேளுங்க."

கண்ணாடிக் கடைக்காரர் போன் செய்தார். "மாமா, சும்மாத்தான்... கிழக்குத் தொட்டி உடைஞ்சப்ப, அது எட்டு இஞ்ச் பைப்பா, பன்னெண்டா?"

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது; மாமனார் எழுந்து நின்றுவிட்டார் போலிருந்தது.

"மாமா?"

"பன்னெண்டு, மாப்பிள்ளை. பன்னெண்டு!" மாமனாரின் குரல் தழுதழுத்தது. "பதினோரு வருஷமா வாசிக்கிறேன். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், இதுவரைக்கும் ஒரு கேள்வி கேட்டதில்ல. நீங்கதான் கேட்டிருக்கீங்க. உங்களை நான் என்னவோ நினைச்சிருந்தேனே! புத்தகத்தை உங்களுக்குத்தான் சமர்ப்பணம் பண்ணப்போறேன். நாளைக்கு ஒண்ணில்ல, மூணு அத்தியாயம் வாசிக்கிறேன். அப்புறம், அந்தப் பழைய பெட்டியையும் ஆன் பண்ணி வைங்க. அதுல எனக்கு ஒரு வேலை இருக்கு."

போனை வைத்துவிட்டு கண்ணாடிக் கடைக்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிறு பத்து மணிக்கு மாமனார் லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே மாமியார். வந்ததும் வராததுமாக மாமனார் நேரே பழைய பெட்டியிடம் போனார். கண்ணாடிக் கடைக்காரர் குறுக்கே பாய்ந்து, தப்பிக்கத் தோன்றிய ஒரே வழியாக, குழாய் விளையாட்டைத் திறந்துவிட்டார்.

"மாமா, முதல்ல இதைப் பாருங்களேன்!"

மாமனார் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னும் கிட்டத்தில் பார்த்தார்.

"எவன் இந்த லைனைப் போட்டது? இப்படிப் போட்டா ஒழுகாதா? நகருங்க மாப்பிள்ளை!"

அவ்வளவுதான். மவுஸ் கைமாறியது. "அந்த வளைவைத் திருப்பு! வருது, தண்ணி வருது, விடாதே!" என்று தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொண்டார். நாலாம் கட்டம் போயிற்று, ஏழாம் கட்டம் போயிற்று. மகள் பக்கத்தில் நின்று கைதட்டினாள். ஒன்பதாம் கட்டத்தில் கடைசி நொடியில் குழாய் சேர்ந்தபோது மாமனார் எழுந்து நின்று மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார். மாமியார் சோபாவில் காலை நீட்டி, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மணி பன்னிரண்டரை. வாசிப்பைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

"இதுக்குத்தான் மாப்பிள்ளை பெட்டியை ஆன் பண்ணி வைக்கச் சொன்னேன்" என்றார் மாமனார், மூச்சு வாங்க. "குழாய் கேம் போட்டிருக்கீங்கன்னு மகள் சொன்னதா உங்க அத்தை சொன்னா. பாக்கணும்னு ஒரே ஆசை!"

தப்பித்தாயிற்று. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கட்டிப்பிடித்த மனுஷனிடம் எப்படி மறைப்பது? கண்ணாடிக் கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"மாமா, புத்தகத்தை எனக்குச் சமர்ப்பணம் பண்ணாதீங்க. உங்க புத்தகத்தை அழிச்சதே நான்தான். புது சிஸ்டம் போடுறப்ப, எல்லாத்தையும் துடைச்சுட்டேன். என்னை மன்னிச்சுடுங்க."

திரையில் பத்தாம் கட்டத்துத் தண்ணீர் கேட்பாரற்று வழிந்தது.

மாமனார் அவரையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இதுக்கா முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு? இன்ஜினியர், மாப்பிள்ளை, நான்! ஒரே லைனை நம்பி ஊருக்குத் தண்ணி விடுவேனா? பக்கத்துலயே நின்னு, உங்க அத்தையை விட்டு மூணு இடத்துல ஏத்த வச்சிருக்கேன். பழைய பெட்டியில ஒண்ணு, சிவப்பு நூல் கட்டின பென்டிரைவ்ல ஒண்ணு, இதோ இந்த லேப்டாப்புல ஒண்ணு."

சொல்லிவிட்டு மறுபடி குழாய்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

கண்ணாடிக் கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டிருக்கும்போதே, பெட்டியின் முகப்பில் செருகியிருந்த பென்டிரைவில் தொங்கிக்கொண்டிருந்த சிவப்பு நூல் கண்ணில் பட்டது. மெல்லத் திரும்பி மாமியாரைப் பார்த்தார்.

மாமியார் கண்ணைத் திறந்தார். சோபாவிலிருந்து எழுந்து வந்து, கணவரின் லேப்டாப் பையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"இதுவும் ரொம்ப மெதுவாத்தான் ஓடுது, மாப்பிள்ளை. அந்தப் புதினாவை இதுலயும் போட்டுக் குடுத்துடுங்களேன்."