உப்பில்லாத மீன்கறியும் என் மறதியும்

ஆரியசாலை, திருவனந்தபுரம்
12.8.2003

கர்த்தருக்குள் பிரியமான மகன் ஜெயனுக்கு, அப்பா நேசமணி எழுதுவது. உனக்கு மஸ்கட் வெயிலையும் எங்களுக்கு இங்கே மழையையும் அளந்து கொடுத்த ஆண்டவர், அதைத் தாங்கச் சுகமும் கொடுக்கட்டும்.

விஷயம் என்னவென்றால், என் மண்டையில் ஒன்றும் நிற்காது என்று எட்டாம் கிளாஸ் வாத்தியார் அன்றைக்கே சொன்னார், இப்போது டாக்டரும் கிட்டத்தட்ட அதையே சொல்லிவிட்டார். போன மாதம் குடையை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு நனைந்துகொண்டே சர்ச்சுக்குப் போனேன். அதுகூடப் பரவாயில்லை, பிறகொரு நாள் சோற்றுப் பாத்திரத்தோடு கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி, கழக்கூட்டத்தில் நீ வேலை பார்த்த கம்பெனி வாசலில் போய், ஜெயனுக்குச் சோறு என்று நின்றேன். காவல்காரர், "ஜெயன் சார் மஸ்கட்டுக்குப் போயி ரெண்டு வருஷம் ஆயில்லே?" என்றார். நல்ல மனுஷன், சோற்றைத் தானே தின்று, மீன் அருமை என்று சொல்லி, திரும்ப பஸ் ஏற்றிவிட்டார்.

டாக்டர் பாகீரதியிடம் போனோம். தினம் நடக்கணும், பிரஷர் மாத்திரை விடக்கூடாது, உப்பு குறைக்கணும், நாலு பேரோடு பேசணும், புதுசாய் ஏதாவது படிக்கணும், இதெல்லாம் மறதிநோய் வருகிற ஆபத்தைக் குறைக்கலாம் என்றார். குறைக்கும் என்று சொல்லவில்லை, குறைக்க'லாம்'. அந்த 'லாம்' காதிலேயே கிடக்கிறது. உன் பெரியம்மா சுசீலாபாய் கடைசியில் பெற்ற பிள்ளைகளையே யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டாளே, அது மட்டும் மறக்க மாட்டேங்குது.

இப்போது காலையில் நடை. "தனியா விட்டா வழி தவறிப் போயிருவிய" என்று அம்மாவும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். முப்பது வருஷமாய் ஆளைக் கேட்டே பஸ் ஏறினவன், மலையாள எழுத்து படிக்கிறேன். நான் எழுத்தென்று பிழிகிற முறுக்கைப் பார்த்து அவளும் ஸ்லேட்டைப் பிடுங்கி எழுதுகிறாள். மீன்கறியில் உப்பு பாதிதான். "மறதி உங்களுக்கு, உப்பில்லாம திங்கணும்னு தலையெழுத்து எனக்கா?" என்கிறாள். ஆனாலும் தின்கிறாள்.

நீ பயப்படாதே, லீவு போட்டு வரவும் வேண்டாம். உன் தலையிலும் மருமகள் சிஜி தலையிலும் ஆண்டவர் கை இருக்கட்டும்.

அன்புள்ள அப்பா,
நேசமணி

பி.கு.: இதைத் தபாலாபீஸில் நின்று எழுதுகிறேன். கடிதத்தை அம்மா வாசித்துவிட்டுத்தான் தந்தாள்; போனில் சொல்லலாமென்றாலும் பக்கத்திலேயே நிற்பாள், வேறு வழியில்லை. மேலே நான் மறந்ததாக எழுதின இடத்திலெல்லாம் அம்மா என்று வாசி. டாக்டரும் எனக்குப் பார்ப்பது போல அவளைத்தான் பார்த்தார். எனக்கென்று சொன்னால்தான் அவள் நடக்கிறாள், உப்பைக் குறைக்கிறாள். கழக்கூட்டம் போனதை வாசித்துவிட்டு, "இப்படியும் ஒரு மனுஷனா!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் கூடச் சிரித்தேன். லீவுக்குக் காத்திராதே மக்கா, வா.