தாய்மாமன் சீட் கவரும் பக்கவாட்டு சாரும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் கார் ஓட்டுகிற யாரும் பக்கவாட்டு சாரை ஏற்றாமல் தப்பியதில்லை. ஒருமுறை ஏற்றிய யாரும் அதற்கப்புறம் நிம்மதியாகக் கார் ஓட்டியதும் இல்லை.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் நாங்கள் வேலை பார்த்த ரசாயனக் கம்பெனியில் அவர் பாதுகாப்பு அதிகாரி, நான் ஸ்டோர்ஸ். வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் பக்கவாட்டு சார். சிதம்பரத்தில் வீடு. சொந்தமாகக் கார் கிடையாது. தினமும் யார் காரிலாவது தொற்றிக்கொண்டு வருவார். ஏறியதும் வணக்கம் சொல்ல மாட்டார். ஜவுளிக்கடையில் வேட்டியை நெருடிப் பார்ப்பதுபோல் சீட்டின் ஓரத்தை நெருடுவார். அங்கே ‘ஏர்பேக்’ என்று எழுதிய சின்னத் துணிப்பட்டி விரலில் தட்டுப்பட்டால்தான் முகத்தில் சிரிப்பு வரும்.

அதன்பிறகு பிரசங்கம். அதைக் கேட்காமல் கார் செம்மங்குப்பத்தைத் தாண்டாது.

“முன்னாடி மோதுனா பானெட் இருக்கு, எஞ்சின் இருக்கு. பின்னாடி மோதுனா டிக்கி இருக்கு. பக்கவாட்டுல என்னா இருக்கு? ஒரு கதவு. அப்பறம் நீ!”

‘நீ’ என்னும்போது நம் விலாவில் ஒரு குத்து விழும்.

“கதவுகிட்ட ஒரு சென்சார் ஒக்காந்திருக்கு தம்பி. அடி வுழுந்தது நமக்குத் தெரியறதுக்கு முன்னாடி அதுக்குத் தெரிஞ்சிடும். உள்ள இருக்கற கம்ப்யூட்டருக்கு சொல்லும். அது கேஸைக் கெளப்பி வுடும். சீட்டு ஓரத்துல மடிச்சு வெச்ச பை, தையலப் பிரிச்சுக்கிட்டு வந்து ஒன் விலாவுக்கும் கதவுக்கும் நடுவுல நிக்கும். கூரையிலேருந்து இன்னொண்ணு திரையாட்டம் எறங்கி தலையப் பாத்துக்கும். எல்லாம் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள. ஸ்டியரிங்ல இருக்கற பையாவது கொஞ்சம் சாவகாசமா வரலாம். பக்கவாட்டுப் பைக்கு ஏது நேரம்? எடமே இல்லியே! அதான், கதவுல தலைய சாச்சுத் தூங்குனா பையே மூஞ்சில அறைஞ்சிடும்!”

எங்கள் மேனேஜர் இஸ்திரி போட்ட சட்டையை ஹேங்கரோடு காருக்குள் ஜன்னலோரம் மாட்டிக்கொண்டு வருவார். பக்கவாட்டு சார் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, “சார், மேலேருந்து திரை எறங்கற வேகத்துல இந்தக் கம்பி எங்க போயி சொருவும்னு நெனைக்கிறீங்க?” என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். அன்றிலிருந்து மேனேஜர் எல்லா மீட்டிங்குக்கும் கசங்கிய சட்டையோடுதான் வந்தார்.

இன்னொரு நண்பர் புதுக் காரை ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் பூஜை போடக் கொண்டுபோனார். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, மாலை போட்டாயிற்று. அர்ச்சகர் தட்டோடு வந்து நிற்கிறார், காருக்குச் சொந்தக்காரரைக் காணோம். பார்த்தால் பக்கவாட்டு சார் அவரைப் பட்டுவேட்டியோடு மண்டிபோட வைத்து, சீட்டுக்கடியில் தலையை விடச் சொல்லி எதையோ காட்டிக்கொண்டிருக்கிறார்.

“இந்த மஞ்ச பிளக்கு தெரியுதா? சீட் கவர் மாட்டறவன் இத இழுத்து வுட்டுட்டான்னா பை செத்துச்சு. அப்பறம் டேஷ்போர்டுல செவப்பு வெளக்கு அணையவே அணையாது. அழகா இருக்குன்னு பாத்துக்கிட்டே போவ வேண்டியதுதான்.”

இப்படி ஊர் வம்பாக நான் ரசித்துக்கொண்டிருந்த மனிதர், நான் கார் வாங்கியதும் என் வீட்டு வம்பானார்.

என் மச்சான், அதாவது என் மனைவி செல்வியின் தம்பி, பாசக்காரன். எங்கள் மகளுக்குக் காது குத்தியது அவன் மடியில்தான். பெண்ணுக்குத் தாய்மாமன் என்றால் அவள் வீட்டுக் காருக்கும் தாய்மாமன்தானே என்பது அவன் நியாயம். ஷோரூமிலிருந்து வண்டி வந்த மறுநாளே புதுச்சேரிக்கு ஓட்டிப்போய் சீட் கவர் மாட்டிக்கொண்டு வந்தான். மெத்தை வைத்துத் தைத்த தடிமனான கவர். நான்கு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தது. தலை சாய்க்கும் இடத்தில் தங்க நூலில் ‘தாய்மாமன் அன்பளிப்பு’.

திங்கட்கிழமை பக்கவாட்டு சார் ஏறினார். நெருடினார். துணிப்பட்டி கிடைக்கவில்லை.

“தம்பி, பை எங்க?”

“கவருக்கு உள்ள இருக்கு சார்.”

“உள்ள இருந்து என்னா பண்ணும்? வெளிய வர வழி வேணாமா? மெத்தைக்குள்ளயே முட்டிக்கிட்டு நிக்கும். கழட்டிடுங்க.”

“சீர் சார் அது. கழட்டுனா வூட்ல பிரளயம் வரும்.”

கவரை இழுத்துக் கட்டியிருந்த முடிச்சுகளை அவர் விரலால் எண்ணிப் பார்த்தார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். சாயங்காலம் ஆலப்பாக்கத்தில் டீக்கு நிறுத்தினேன். “சாவி குடுங்க தம்பி, ஏசி போட்டு ஒக்கார்றேன்” என்றார். பாவம், வெயில் என்று கொடுத்தேன். டீ குடித்துவிட்டு வந்தால் முன் சீட் இரண்டும் கோழி உரித்த மாதிரி இருக்கின்றன. கவர்கள் அவர் மடியில், சலவைத் துணிபோல மடித்து. தலை சாய்க்கும் இடத்து உறையை மட்டும் விட்டுவைத்திருந்தார்.

“எழுத்த தொடல தம்பி. அன்பளிப்பு அன்பளிப்பாவே இருக்கட்டும்.”

மச்சான் வந்து பார்த்தான். “மாமா, எஞ்சீர உரிச்சது யாரு?” என்றான். நான் விளக்கினேன். காற்றுப் பை, சென்சார், தையல் என்று நான் சொல்லச் சொல்ல அவன் முகம் இறுகிக்கொண்டே போனது. “எவனோ சொன்னான்னு எங்கக்கா வூட்ல எனக்கு இதான் மரியாதயா?” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான். பொங்கலுக்கும் வரவில்லை. அதன்பின் செல்வி என்னிடம் பேசியதெல்லாம் டம்ளரை மேஜையில் வைக்கும் சத்தத்தில்தான். ஒரு துணி உறைக்காக அக்காவும் தம்பியும் பிரிந்துவிடுவார்களோ என்று உண்மையாகவே பயந்துபோனேன்.

கடைசியில் நானே போய்ச் சரணடைந்தேன். கவரை மறுபடி மாட்டிவிடலாம், அதுவும் அவன் கண்ணெதிரே, கடலூரில் அவனுக்குத் தெரிந்த கடையில் என்று ஒப்பந்தம். பக்கவாட்டு சாரிடம் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கவர்களை டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். நான் ஓட்டினேன், மச்சான் என் பக்கத்தில், செல்வி பின்னால். எத்தனையோ நாளைக்கப்புறம் அக்காவும் தம்பியும் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

புதுச்சத்திரம் தாண்டியதும் இடதுபக்கக் குறுக்குச் சாலையிலிருந்து ஒரு மினி லாரி நிற்காமல் வந்து, மச்சான் உட்கார்ந்திருந்த கதவில் நேராக இடித்தது.

பட்டாசுக் கட்டு வெடித்த சத்தம். கார் வலதுபக்கம் நகர்ந்து நின்றது. உள்ளே ஒரே வெள்ளைப் புகை. மச்சான் இருந்த இடத்தில் மச்சானைக் காணோம், வெள்ளை வெள்ளையாய் ஏதோ தொங்குகிறது. செல்வி “தம்பீ!” என்று அலறியது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

புகைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. “மாமா... வண்டி நெருப்பு புடிச்சிடுச்சு மாமா!”

நெருப்பு இல்லை, பைக்குள் இருந்த பவுடர். என் பக்கக் கதவு வழியாக அவனை இழுத்து வெளியே போட்டோம். மச்சான் தலை முதல் இடுப்பு வரை திருநீறு பூசினாற்போல் நின்றான். கையை ஆட்டினான், காலை ஆட்டினான். தோளில் ஒரு சிராய்ப்பு, காதில் கொஞ்சம் இரைச்சல். அவ்வளவுதான். கதவைப் பார்த்தேன், சீட்டின் ஓரம் வரை உள்ளே வந்திருந்தது. அப்பாடா என்று ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். செல்வி தம்பியை அடித்தாள், கட்டிக்கொண்டாள், மறுபடி அடித்தாள்.

யார் சொன்னார்களோ, பக்கவாட்டு சார் பஸ் பிடித்து வந்து இறங்கினார். நேராகக் காருக்குள் தலையை விட்டு, தொங்கிய பைகளைத் தொட்டுப் பார்த்தார். “ரெண்டும் தொறந்திருக்கு” என்றார். அத்தனை வருஷம் பேசியவர் ஒரு பை விரிந்திருப்பதைப் பார்ப்பது அதுதான் முதல்முறை. கண் கலங்கியிருந்தது. பவுடர் என்று சொல்லிக்கொண்டார்.

சாமான்களை எடுக்க டிக்கியைத் திறந்தவர் அங்கே மடித்துக் கிடந்த கவர்களைப் பார்த்துவிட்டார். எங்கே போய்க்கொண்டிருந்தோம் என்பது அவருக்குப் புரியாமலா இருக்கும்? அவர் செல்வியின் பையை மட்டும் எடுத்துக்கொண்டு டிக்கியைச் சத்தமில்லாமல் மூடினார்.

மச்சானால்தான் தாங்க முடியவில்லை. “சார், மாட்டறதுக்குத்தான் எடுத்துக்கிட்டுப் போனோம்” என்று போட்டு உடைத்தான்.

“மாட்டல இல்ல? அப்பறம் என்னா, வுடு” என்றார்.

அவருக்கு ஏன் இந்தப் பக்கவாட்டுப் பைத்தியம் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். வேண்டியவர் யாரையாவது விபத்தில் பறிகொடுத்திருப்பார் என்றே கம்பெனியில் பேச்சு. அன்று மச்சானின் காதைக் காட்டப் போன ஆஸ்பத்திரியின் வராந்தாவில் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“அய்யய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. காரோட ஒரு மேனுவல் புக்கு குடுக்கறாங்க இல்ல? நீங்கல்லாம் வண்டி ஓட்டுவீங்க. நான் சும்மாத்தான வரேன், எடுத்துப் படிச்சேன்.”

வண்டி சரியாகி, புதுப் பைகளோடு திரும்பி வந்த அன்று மச்சான் வீட்டில் விருந்து. “மாமா இல்லாம எல போட மாட்டோம்” என்று மச்சானே கம்பெனிக்கு என்னோடு வந்து பக்கவாட்டு சாரை அழைத்தான். சார் என்பது எப்போது மாமா ஆனது என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வரும்போது மச்சான் முன் சீட்டில் உட்கார்ந்ததும் ஓரத்தை நெருடிப் பார்த்து, துணிப்பட்டி கிடைத்ததும் சிரித்தான். ஆலப்பாக்கம் வருவதற்குள் தூங்கியும்விட்டான். தலை ‘தாய்மாமன் அன்பளிப்பு’ மேலிருந்து நழுவிக் கதவுக் கண்ணாடியில் போய்ச் சாய்ந்தது.

சரி, பிரசங்கம் ஆரம்பம் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். சத்தமே வரவில்லை. பின் சீட்டிலிருந்து பக்கவாட்டு சாரின் கை மட்டும் நீண்டு வந்து, அவன் தலையைக் கதவிலிருந்து மெல்ல நகர்த்தித் தாங்கிக்கொண்டது. சிதம்பரம் வரும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. பாவம், வலித்திருக்கும்.