மூன்றாவது திரையில் என்ன வரும்?

அம்புக்குறியைக் காணவில்லை.

மாப்பிள்ளை மவுஸை மேலே தள்ளினார், கீழே இழுத்தார், மேசையில் வட்டம் போட்டார். நேற்றுவரை ஒரே மானிட்டர் இருந்தது. அம்புக்குறியும் அதற்குள்ளேயே அடக்க ஒடுக்கமாகக் குடித்தனம் செய்தது. காலையில் பக்கத்தில் இரண்டாவது மானிட்டரை வைத்ததுதான் தாமதம், ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. இரண்டுக்கும் நடுவிலிருந்த சந்தில் விழுந்திருக்குமோ என்று அவர் குனிந்துகூடப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அறை வாசலில் மாமனார் வந்து நின்றார்.

“ரெண்டு எதுக்கு மாப்பிள்ளை?”

“வேலை வேகமா நடக்கும் மாமா.”

மாமனார் அந்த வேகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கூடத்துக்குப் போய்விட்டார். மாப்பிள்ளைக்கு முகம் விழுந்துவிட்டது. அந்த இரண்டாவது மானிட்டர் வாங்கப்பட்டதே மாமனார் பார்ப்பதற்காகத்தான்.

கதை இதுதான். மாமனார் வீட்டில் குழாய்களையெல்லாம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். வேலை முடியும்வரை மாமனாரும் மாமியாரும் மகள் வீட்டில் வந்து தங்கியிருந்தார்கள். மாமனார் ஓய்வு பெற்ற பொறியாளர், ஆறுகளுக்குக் குறுக்கே பாலம் கட்டியவர். அவர் கட்டியதன்மேல் இன்றைக்கும் ரயில் போகிறது. மாப்பிள்ளையோ வீட்டிலிருந்தபடியே இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்ப்பவர். ‘ஈரக் கையால் தொட வேண்டாம்’, ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்று வருஷக்கணக்காக எழுதியிருக்கிறார். அதன்மேல் ரயில் எதுவும் போகவில்லை.

வந்த புதிதில் மாமனார் யாரோ நண்பரிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தது மாப்பிள்ளையின் காதில் விழுந்தது.

“மாப்பிள்ளையா? ம்... அவர் வீட்லதான் இருக்கார்.”

அந்த ‘தான்’ நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வீட்டில் இருக்கிறார் என்றால் அது தகவல். வீட்டில்தான் இருக்கிறார் என்றால் துக்கம் விசாரிப்பது மாதிரி. இதைப் போய்ப் பெரிதுபடுத்துவார்களா என்று மனைவி கேட்டுவிட்டு வங்கி வேலைக்குக் கிளம்பிப் போனாள். அவளுக்கென்ன, அவள் வெளியே போய் வேலை பார்ப்பவள். அந்த ‘தான்’ ஒழிய வேண்டும், மாமனார் வாயால் ஒரு நல்ல வார்த்தை வர வேண்டும் என்று மாப்பிள்ளை சபதம் எடுத்துக்கொண்டார்.

இரண்டு மானிட்டருக்கு அசையாத மனுஷர் மூன்றுக்கு அசைந்துதானே ஆக வேண்டும். வேறு ஊருக்குக் குடிபோகும் நண்பர் ஒருவரிடமிருந்து பெரிய மானிட்டர் ஒன்றை மாப்பிள்ளை தூக்கிக்கொண்டு வந்தார். மாட்டப் போனால் கணினியில் அதற்கு இடமில்லை, தனியாக ஒரு அடாப்டர் வேண்டும் என்று தெரிந்தது. அடாப்டருக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை கம்பீரத்துக்கு இருக்கட்டும் என்று மானிட்டரை இடது பக்கம் கொஞ்சம் சாய்வாக நிறுத்திவைத்தார். கன்னங்கரேலென்று பளபளத்துக்கொண்டு நின்றது.

சாயங்காலம் மாமனார் எட்டிப் பார்த்தார். இந்த முறை நகரவில்லை. உள்ளே வந்தார். மூன்று திரைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தலையை இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். ஒரு அடி பின்னால் வைத்துப் பார்த்தார். மாப்பிள்ளை அவர் முகத்தில் அதுவரை கண்டிராத ஒரு மலர்ச்சி அப்போது வந்தது.

“இந்த மூணாவதுல என்ன வரும்?”

“இப்போதைக்கு ஒண்ணும் வராது மாமா. அடாப்டர் வரணும்.”

“அவசரமில்லை மாப்பிள்ளை. மெதுவா வரட்டும்.”

சொல்லிவிட்டு, கூடத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தானே தூக்கிவந்து, மாப்பிள்ளைக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் பேச்சு மூச்சு இருக்காது. அவ்வப்போது “ம்...” என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அது சாதாரண ‘ம்’ இல்லை. அடிவயிற்றிலிருந்து, திருப்தியோடு, கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற ‘ம்’. பாலம் கட்டிய மனுஷர் ஒருவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து இப்படி ‘ம்’ போட்டால் யாருக்குத்தான் வேலை ஓடும்? திரும்பிப் பார்த்தால் அந்த லயிப்பு கலைந்துவிடுமோ என்று மாப்பிள்ளை திரும்பாமலே பூரித்துப் போனார்.

அந்த ‘ம்’ எதற்கு வருகிறது என்பதே அவருக்கு ஓர் ஆராய்ச்சியாகிவிட்டது. கையேட்டுக்கும் வந்தது. ஆனால் கையேட்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு, உலகத்துக் கப்பல்களெல்லாம் இந்த நிமிஷம் எங்கே போய்க்கொண்டிருக்கின்றன என்று புள்ளி புள்ளியாகக் காட்டும் படத்தைப் போட்ட அன்று, இதுவரை கேட்காத நீளத்துக்கு ஒரு “ம்ம்ம்...” வந்தது. அன்றிலிருந்து கப்பல்தான். கப்பல் அலுத்துவிடக் கூடாதே என்று இன்னொரு திரையில் புயல். நடுக்கடலில் ஒரு வெள்ளைச் சுழல் மெதுவாகத் தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருக்கும்.

உண்மையைச் சொன்னால், மாப்பிள்ளையே சொக்கிப் போனார். இவ்வளவு காலமும் ஒரு சின்னச் சதுரத்துக்குள் மூடி, கைப்பிடி, திருகாணி என்று எழுதிக்கொண்டிருந்த தன் மேசைமேல் இப்போது ஒரு சமுத்திரம் கிடக்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் நாலு பேர் தூங்காமல் நிற்கிறார்கள். அவர்கள் கரை சேர வேண்டுமே என்று ஒருநாள் அவருக்கு நிஜமாகவே கவலை வந்துவிட்டது.

மாமனாரின் கேள்விகளும் அபாரமாக இருந்தன. ரொம்ப நேரம் மௌனமாக இருப்பார். திடீரென்று உரத்த குரலில், “அந்த மஞ்சள் புள்ளி எந்தப் பக்கம் போகுது மாப்பிள்ளை?” என்பார். மாப்பிள்ளை விளக்க ஆரம்பிக்கும்போது பார்த்தால், மாமியார் வாசலில் நின்றுகொண்டிருப்பார். கணவர் எப்போது எழுந்தார், எவ்வளவு நடந்தார், தட்டில் என்ன வைத்துக்கொண்டார் என்று எல்லாவற்றிலும் கண் வைத்திருக்கும் அந்த அம்மாள், இந்த வயதில் இவருக்குப் படிப்பில் வந்திருக்கும் அக்கறையைக் கண்டு மூக்கின்மேல் விரல் வைத்துவிட்டுப் போவார்.

ஒருநாள் தொலைபேசியில் மாமனார் சொன்னார்: “மாப்பிள்ளை ரூமை விட்டு வர மனசே இல்லைப்பா. அங்க உட்கார்ந்தா ஒரு நிம்மதி.” ‘தான்’ போயே போய்விட்டது. மாப்பிள்ளை சமையலறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தார்.

வினை வலது பக்கத் திரையிலிருந்து வந்தது. மாப்பிள்ளை கையேடுகளை வாயால் சொல்லச் சொல்ல, கணினி அதைக் கேட்டு எழுதிக்கொள்ளும். எழுதுவது வலது திரையில். கப்பல் நடுத்திரையில். தன் கண் கப்பலில் இருந்தபோது கணினியின் காது வலது திரையில் திறந்தே இருந்தது என்பதை அவர் மறந்துவிட்டார். அப்படியே அனுப்பியும்விட்டார். அலுவலகத்தில் அவர் வேலையை மேற்பார்வை பார்க்கும் அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“சார், துணி துவைக்கிற மெஷின் கையேடு. படிக்கிறேன் கேளுங்க. ‘மூடியை இறுக மூடவும். அதெல்லாம் கப்பல் மாமா. நீரின் அளவைச் சரிபார்க்கவும். சிவப்பா இருக்கறது எண்ணெய்க் கப்பல், கிட்டக்க யாரும் போக மாட்டாங்க.’ யாரு சார் அந்த மாமா?”

மாப்பிள்ளை வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தார். அடுத்து வருவது ஆஸ்பத்திரிக் கட்டிலின் கையேடு, அதில் மாமா தலை காட்டினால் உங்களுக்கு இனி வேலை அனுப்புவதற்கில்லை என்று அந்த அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

புத்தியுள்ளவர் இந்த இடத்தில் கப்பலை மூடியிருப்பார். மாப்பிள்ளை ‘ம்’ கேட்டுப் பழகிவிட்டவர். அதனால், வாய் மாமனாருக்குப் புயலை விளக்கும்போது கண் மட்டும் வலது திரையைக் காவல் காக்கட்டும் என்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். நாள் முழுக்க வலது பக்கமே திரும்பியிருந்ததில் கழுத்து அங்கேயே நின்றுவிட்டது. சாப்பிடும்போது இடது பக்கம் இருந்த மனைவியிடம் “போதும்” என்றால், முகம் வலது பக்கம் இருந்த மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ‘போதுமா’ என்று தன்னைத்தான் கேட்கிறார் என்று நெகிழ்ந்துபோன மாமியார், மாப்பிள்ளை தட்டிலேயே இன்னொரு கரண்டி போட்டார்.

வைத்தியர் கழுத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒரே பக்கம் திரும்பக் கூடாது, இரண்டு பக்கமும் சமமாகத் திரும்ப வேண்டும் என்றார். மானிட்டரைக் குறையுங்கள் என்பதை நாகரிகமாகச் சொன்னார் போலிருக்கிறது. மாப்பிள்ளைக்கு அது வேறு மாதிரி கேட்டது. இடது பக்கத் திரையில் ஒன்றும் இல்லாததால்தானே கழுத்து அந்தப் பக்கம் போகவில்லை? மூன்றாவதையும் ஏற்றிவிட்டால் கழுத்து நேராகிவிடும், கட்டிலின் கையேட்டை ஓரமாகத் தனியே வைத்துக்கொள்ளலாம், மாமனாரும் அசந்து போவார்.

அடாப்டர் வந்து சேர்ந்தது. மாமனாரிடம் ஆசையாகக் காட்டினார். மாமனார் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இப்பவே மாட்டணுமா மாப்பிள்ளை? ரெண்டே அருமையாத்தானே இருக்கு.”

என்ன பெருந்தன்மை, தன் மருமகன் சிரமப்படக் கூடாது என்று நினைக்கிறாரே என்று மாப்பிள்ளைக்குக் கண் கலங்கியது. இன்றைக்கு அவருக்கு ஒரு விருந்து வைத்தே தீருவது என்று முடிவு செய்தார். மாமனார் வழக்கம்போல் மத்தியானம் வந்து பின்னால் உட்காரும்வரை காத்திருந்தார். ஜன்னல் திரையை இழுத்து அறையை இருட்டாக்கினார். மேசைக்கு அடியில் படுத்து, திரும்பாத கழுத்தோடு தடவித் தடவி அடாப்டரைச் செருகிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். கறுப்பாக நின்ற மூன்றாவது திரை ஒரு முறை கண் சிமிட்டியது. பிறகு நீலமாக விழித்துக்கொண்டது.

மூன்று திரைகளுக்கும் சேர்த்து ஒரே கடலைப் பரப்பினார் மாப்பிள்ளை. சுவருக்குச் சுவர் கடல். இடது ஓரத்தில் விடிந்துகொண்டிருந்தது, வலது ஓரத்தில் இருட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஆயிரக்கணக்கான கப்பல்கள் யார் சொல்லியும் கேட்காமல் தம் பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளைக்கு உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு பெரிய உலகம், அதில் ஒரு மூலையில் ஒரு சின்ன அறை, அதற்குள் இவ்வளவும் வந்து நிற்கிறதே என்று நினைத்துக்கொண்டார். தன் வேலையைப் பற்றி இனி யார் என்ன சொன்னாலும் பரவாயில்லை என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ஒரு கணம்தான். பின்னால் ‘ம்’ வரவில்லையே என்று உடனே காதைத் தீட்டிக்கொண்டார். மஞ்சள் புள்ளியைப் பற்றிய கேள்வியும் வரவில்லை. ஏதோ காகிதம் சரசரத்த மாதிரி இருந்தது. அதன்பின் அதுவும் நின்றுபோனது. பேச்சே வராத அளவுக்கு மனுஷர் பிரமித்துவிட்டார் என்று மாப்பிள்ளை புரிந்துகொண்டார். இத்தனை நாள் காத்திருந்த வார்த்தை இதோ வரப்போகிறது.

“எப்படி மாமா இருக்கு?” என்று கேட்டார்.

பின்னால் மாமியாரின் வளையல் சத்தம் கேட்டது. கழுத்து திரும்பாததால் மாப்பிள்ளை நாற்காலியோடு சேர்ந்து மெதுவாகச் சுழன்றார். மாமியார் இடுப்பில் ஒரு கையை வைத்து, மறு கையை நீட்டிக்கொண்டு நின்றார். மாமனார் அந்தக் கையில் பாதி காலியான கிரீம் பிஸ்கட் பொட்டலத்தை ஒப்படைத்துவிட்டு, மீசையில் ஒட்டியிருந்த தூளைக்கூடத் துடைக்காமல் மாப்பிள்ளையைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“சர்க்கரைக்காரன் ஒளிஞ்சு நாலு பிஸ்கட் தின்ன இந்த வீட்ல இருந்தது இந்த ஒரு இடம்தான் மாப்பிள்ளை, உங்க அத்தை வாசல்ல வர்றது அந்தக் கறுப்புத் திரையில பளிச்சுனு தெரியும், அதுலயும் கடலைக் கொண்டு வந்து ரொப்பிட்டீங்களே.”