எலிக்கு வலிக்காமல் போனதற்கு நானே காரணம்

மதிப்பிற்குரிய பேராசிரியை சரோஜாதேவி அம்மா அவர்களுக்கு,

திருவல்லிக்கேணியிலிருந்து ரூஹியின் அத்தா அப்துல் சமத் சலாமுடன் எழுதுவது. இறைவன் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். தாங்களும் தங்கள் எலிகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

என் மகள் ஊசியில் தில்லுமுல்லு செய்ததாக நினைத்து, அவளுடைய ஆராய்ச்சியையே நிறுத்தப் போவதாகச் சொன்னீர்களாம். அம்மா, குற்றவாளி அவள் இல்லை, நான். இதைத் தங்களுக்குப் புரியவைக்காமல் பேனாவைக் கீழே வைக்க மாட்டேன்.

எலியைச் சூடான தட்டில் விடுவார்கள், சுட்டதும் பாதத்தை நக்கும், உடனே எடுத்துவிடுவார்கள். வலி மருந்து போட்ட எலி தாமதமாக நக்கும், வெறும் உப்புத்தண்ணீர் போட்டது பத்து விநாடியில் நக்கிவிடும். இதெல்லாம் ரூஹி சொல்லித் தெரிந்துகொண்டது. பிள்ளை மத்தியானம் சாப்பிடாமல் எலியே கதி என்று கிடக்கிறாளே என்று நான் தினமும் பஸ் பிடித்து அடையாறுக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன். எலிகளைக் கவனிக்கும் தாரணி நல்ல பெண். "வெயில்ல எதுக்கு நிக்கிற நைனா, உள்ள வந்து குந்து" என்று ஏசி அறையிலேயே ஒரு ஸ்டூல் போட்டாள். அன்றைக்கு ஆரம்பித்தது வினை. மருந்து எலி, தண்ணீர் எலி இரண்டும் ஒன்றுபோல் இருபத்தைந்து விநாடி நின்றன. தாரணிகூட, "இன்னா நைனா, தண்ணி போட்டதும் கெத்தா நின்னுகினு கீது!" என்றாள்.

நீங்கள் ரூஹியைச் சந்தேகப்பட்டதும் எனக்கு வந்ததே கோபம்! என் பிள்ளையா ஊசியை மாற்றுவாள்? வேறு யாரோ மாற்றுகிறார்கள், கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று காலை ஒன்பது மணிக்கே வந்து மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் காவல் உட்கார்ந்தேன். எலிகளுக்கு வீரம் இன்னும் கூடிப்போச்சு. முப்பது விநாடி ஆகியும் நக்கல. அதுக்கு மேல வைக்கக் கூடாதுன்னு ரூல்ஸாம், ரூஹி அழுதுக்கிட்டே எடுத்தா.

போன வாரம் எனக்குக் காய்ச்சல், மூணு நாள் வரல. மூணு நாளும் தண்ணி எலி பத்தே விநாடியில நக்கிடுச்சு! ரூஹி தேதியையெல்லாம் ஒத்துப் பார்த்துட்டு வந்து, "அத்தா, ஆம்பளை வாடை பட்டா எலி பயந்துடும். பயத்துல அதுக்கு வலி தெரியாது. எங்க லேப்ல எல்லாரும் பொண்ணுங்க. நீங்க ஒருத்தர்தான்..."னு இழுத்தா. தினம் குளிச்சு அத்தர் பூசிக்கிட்டு வர்ற மனுஷனைப் பார்த்து வாடைன்னா எப்படி இருக்கும்? சண்டை போட்டேன். அப்புறம் உட்கார்ந்து யோசிச்சேன். தி.நகர் ஜவுளிக்கடை கவுண்டர்ல முப்பத்தெட்டு வருஷம் நின்னவன் நான். உட்கார ஒரு முக்காலி கிடையாது. சாயங்காலமானா கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். ஆனா முதலாளி மாடிப்படி இறங்குற சத்தம் கேட்டா போதும், வலி போன இடம் தெரியாது, சேலையை உதறி உதறிக் காட்டுவேன். அவர் போனப்புறம்தான் கால் இருக்கிறதே ஞாபகம் வரும். அந்த வாயில்லா ஜீவனுக்கு நான் முதலாளி ஆயிட்டேனே அம்மா! வெக்கமாப் போச்சு.

வாசல் ரிஜிஸ்டரில் நான் வந்த தேதியெல்லாம் என் கையெழுத்தோடு இருக்கிறது. ரூஹியின் நோட்டோடு வைத்து நீங்களே பாருங்கள். நான் வந்த நாட்களைத் தள்ளிவிட்டு, அவளுக்கு இன்னும் இரண்டு மாதம் கொடுங்கள். இனி என் நிழல்கூட அந்த அறையில் விழாது. இது சத்தியம்.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த பரக்கத்தும் கேட்டு,
அப்துல் சமத்

பி.கு.: இக்கடிதத்தைத் தாரணியிடம் கொடுத்தனுப்புகிறேன். அந்த ஏசியில் ரூஹி குளிரில் நடுங்குகிறாள். எனவே காய்ச்சலில் மூன்று நாளும் நான் கழற்றாமல் போட்டிருந்த ஸ்வெட்டரையும் அனுப்பியிருக்கிறேன். துவைத்தால் இறுகிவிடும் என்று துவைக்கவில்லை. கையில் கொடுத்தால் வேண்டாம் என்பாள், அதனால் எலிக்கூண்டுக்கு மேலே உள்ள ஆணியில் மாட்டிவைக்கச் சொல்லியிருக்கிறேன். தாங்கள் கவலைப்பட வேண்டாம். நான் வரவே மாட்டேன், ஸ்வெட்டர் மட்டும்தான் வருகிறது.